வெள்ளிக்கிழமை மட்டும் நீர் வற்றியது

1

இந்தக் கதை வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பில் துப்பறியும் கதை எழுதிவரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த துப்பறியும் அதிகாரி ஒருவர்தான்: என் அண்ணன். அவர் மனைவி, என் அண்ணி, ஐந்து வாரங்களுக்கு முன் கடலோரப் பாறைகளுக்கிடையில் பிணமாகக் கிடந்தார். வீட்டுத் துக்கத்தை வீட்டுப்பாடமாக்கலாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு அவரிடமே கேட்டேன்.

"எழுதேன். ஆனா அதிகாரிய அழ வைக்காத. ரிப்போர்ட் நனைஞ்சுடும்."

வகுப்பாசிரியை போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கொலைகாரன் முதல் பக்கத்துலயே எங்கயாவது நிக்கணும். கடைசில திடீர்னு கூட்டிட்டு வந்தீங்கன்னா மார்க் கிடையாது."

2

தொடக்கம் அ: அலைகள் ஓலமிட்ட அந்த மாலை—

(வேண்டாம். துறைமுக அலுவலகத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அலை ஓலமிட்டு நான் கேட்டதில்லை.)

தொடக்கம் ஆ: அதிகாரி தன் மனைவியின் சீப்பை ஆதார உறையில் போட்டு, ஒட்டி, எண் எழுதினார்.

இது நடந்தது. சீப்பு 14. மூக்குக்கண்ணாடி 15. பாதி தீர்ந்த தைலக்குப்பி 16. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கொலைகாரன் படகு மெக்கானிக். இதுவும் என் கற்பனை இல்லை. அண்ணி பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். வகுப்புக்காகப் பாறைப்பக்கம் போய்ச் சிப்பி பொறுக்குவார். மெக்கானிக் அங்கே கழிவு ஆயிலைக் கொட்டியதைப் பார்த்துப் புகார் கொடுத்தார். ஊரே பார்க்கச் சண்டை. நாளைக் காலை எட்டு மணிக்கு அவனைக் கைது செய்யப்போகிறார்கள்.

"அவன் தள்ளலன்னா?" என்று நேற்றுகூடக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போயிருக்கா. அப்போ தண்ணி வத்தியிருந்துச்சு. முழங்கால் ஆழத்துல தானா யாராவது முழுகுவாங்களா? நேரத்தச் சொன்னதே நீதானம்மா. உன் டைரிதான் என்னோட முதல் சாட்சி."

ஆமாம். நான்தான் டைரியைப் பார்த்துச் சொன்னேன்.*

* தினமும் காலை அலுவலக வாசல் போர்டில் நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் எழுதுவது என் வேலை. எழுதியதை அப்படியே டைரியிலும் குறித்துக்கொள்வேன். அண்ணி அந்த போர்டைப் பார்க்காமல் பாறைக்குப் போகமாட்டார்.

4

கதையில் நேரம் தவறக்கூடாது என்று இன்று அந்த வார டைரியைப் புரட்டினேன். பிற்பகல் வரிசை மட்டும்:

புதன், ஏற்றம் 2.30
வியாழன், ஏற்றம் 3.20
வெள்ளி, வற்றம் 3.50
சனி, ஏற்றம் 5.00

நீர் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நடுவில் ஒரே ஒரு நாள் தலைகீழாகாது. கடலுக்கு அப்படியொரு பழக்கமே

அலுவலக அட்டவணை பையில்தான் இருந்தது. அதில் தாளுக்கு ஒரு வாரம். அந்த வாரத்துத் தாள் முந்தைய தாளோடு ஈரக்காற்றில் ஒட்டிக்கிடந்தது; புரட்டினால் நேரே அடுத்த வாரம்தான் வந்தது. நகத்தால் பிரித்தேன். அடுத்த வார வெள்ளி: வற்றம் 3.50.

அந்த வெள்ளி: ஏற்றம் 4.10.

மறுபடி பார்த்தேன். விரல் வைத்துப் பார்த்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

அண்ணி போர்டை நம்பினார். அண்ணன் டைரியை நம்பினார். இரண்டையும் எழுதிய கை

(முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நிற்கிறேன். முதல் வரியிலேயே.)

5

முடிவு அ: மெக்கானிக் குற்றத்தை ஒப்புக்கொள்கி—

முடிவு ஆ: ஈரத்தில் டைரி அழிந்து—

முடிவு இ: தங்கை சொல்லிவிடுகிறாள். அண்ணன் அவளுடைய பேனாவை எடுத்து உறையில் போட்டு, 17 என்று எழுதுகிறார்.

மூன்றையும் அடித்துவிட்டேன். சமையலறையில் அண்ணன் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"என்னம்மா, கொலைகாரனப் பிடிச்சிட்டியா? எங்கிட்ட முதல்ல காட்டு. உங்க டீச்சர் அப்புறம் பாக்கட்டும்."

எட்டு மணிக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது. நாற்காலி, மேசை, திறந்த டைரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நீங்கள் வந்து என் இடத்தில் உட்காருங்கள். பதிலை நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார்.