கழுவியதால் வந்த ஓட்டை

திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அரங்கநாதன் பொய் சொல்ல மாட்டார்; கேட்காததைச் சொல்லவும் மாட்டார். விழுப்புரத்தில் புதிதாகப் பெயின்ட் பட்டறை போட்ட விருத்தாசலம், காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு அவரிடம் பழைய டேங்க் ஒன்று வாங்கினான். பேரம் நல்லபடி முடிந்தது; இருவரும் ஏமாந்தவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பட்டறைக்கு முதல் வேலை, கோலியனூர்க்காரர் ஒருவரின் வெள்ளை அம்பாசிடர். டேங்கில் துரு இருந்தால் காற்றோடு வந்து பெயின்ட்டில் உட்காரும். முதல் காரே அம்மை போட்டதுபோல் நின்றால் இரண்டாவது கார் வராது.

சோப்புத் தண்ணீரும் ஜல்லியும் போட்டு உருட்டினால்தான் துரு விடும். அதற்கு ஆள் எதற்கு, ரோடு இருக்கும்போது? கடை வாசலிலேயே இரண்டையும் உள்ளே போட்டு மூடி, பஸ் மேலே கட்டிவிட்டான்.

"இன்னாய்யா மேல கடகடன்னுது?" என்றார் கண்டக்டர்.

"வயித்துக் கோளாறுங்க. விழுப்புரம் போனா சரியாப் பூடும்."

பள்ளங்களும் டிரைவருமாகச் சேர்ந்து நன்றாகவே கழுவினார்கள். பட்டறையில் கவிழ்த்தபோது காப்பி நிறத்தில் துரு கொட்டியது. அலசி, கழுத்துவரை நல்ல தண்ணீர் ரொப்பி, வெளியே துடைத்துவிட்டுப் பார்த்தான். அடிவயிற்றில் ஒரு சொட்டு வியர்த்தது. துடைத்தான். மறுபடி வியர்த்தது.

மறுநாள் டேங்கோடு திண்டிவனம்.

"அண்ணே, ஓட்ட இருக்குது."

"நான் குடுத்தப்போ இல்லியே. துரு அடைச்சிக்கினு இருந்துது. உன்ன யாருப்பா கழுவச் சொன்னது?"

"கழுவாம காத்து ஏத்தியிருந்தா டேங்க் வெடிச்சி, என்னக் கூடையில அள்ளிக்கினு வந்து கேட்டிருப்பாங்க."

"ஒரு பொட்டு வெல்டிங் வச்சா ஆச்சு."

"ஓட்டைக்குப் பயப்படலண்ணே. அதச் சுத்தியிருக்கற தகட்டுக்குத்தான் பயம். அதுவும் இத்துப்போயிருக்கும், இன்னும் வெளிய சொல்லல, அவ்ளோதான்."

பக்கத்தில் டேங்க் வாங்க வந்த அனந்தபுரம் பஞ்சர் கடைக்காரர், இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தன் கையில் இருந்த டேங்கை மெதுவாகக் கீழே வைத்தார். அரங்கநாதன் அதைப் பார்த்தார்.

"வேற எடுத்துக்கப்பா," என்றார் சத்தமாக. "நம்ம கடையில பேஜாரே கெடையாது."

"இதையும் கழுவித்தான் பாப்பேன்."

"கழுவு. சத்தம் போடாம கழுவு."

திரும்பும்போதும் அதே கண்டக்டர்தான். "இன்னுமா சரியாவல?"

"இது வேற வயிறுங்க."

பட்டறையில் ரொப்பி வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடியில் கையை விட்டுத் தடவினான். கை காய்ந்தே வந்தது. கையை வேட்டியில் துடைக்கப் போய், துடைக்க ஒன்றுமில்லை என்று நினைவு வர, வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான்.