ஏழாவது வாரத்து இருமல்

மூன்று மணி நாற்பது நிமிஷம். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சூரியன் மறைவதற்குள் நான் இவ்வளவு நேரம் ஆகாயத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் விமான லைசென்ஸ் போய்விடும்.

வருஷத்துக்கு ஐந்து மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அறுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரி முடிந்தபோது என் கணக்கில் ஒரு மணி இருபது நிமிஷம்தான் இருந்தது. லைசென்ஸ் போனால் மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை. அதற்குள் வீட்டில் எனக்குக் கல்யாணம் முடித்துவிடுவார்கள்.

கற்றுக்கொள்கிற வரைக்கும் விமானம் மலிவு. சர்க்கார் மானியம் உண்டு. கற்று முடித்து லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே மானியம் நின்றுவிடும். ஜூஹு கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் புஷ்பக் விமானத்துக்கு மணிக்கு ஐம்பது ரூபாய் வாடகை. செம்பூரில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்குச் சம்பளம் இருநூற்றுப் பத்து. அதில் நூற்றெண்பது நேராக அம்மாவிடம் போகும்.

பூனாவில் மணிக்கு எட்டு ரூபாய் குறைவு என்றார்கள். ரயில் கட்டணம் அந்த எட்டு ரூபாயைத் தின்றுவிடும். கிளப்பில் ஓர் அங்கத்தினர் வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். பாதிப் பணம் நான் கொடுத்தேன், முழு விமானத்தையும் அவர் ஓட்டினார்.

வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விலே பார்லேயில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கூடத்தில் ஜெர்மன் பத்திரிகைகள் வரும், அதனால் கதை பொருந்திவிட்டது. விருந்தாளிகள் வந்தால் அப்பா என்னை ஜெர்மன் பேசச் சொல்வார். பௌதிகப் புத்தகத்தில் படித்த நான்கைந்து நீளமான ஜெர்மன் சொற்களை வரிசையாகச் சொல்வேன். அப்பா பெருமையாகத் தலையசைப்பார்.

வழி காட்டியவர் கிளப் மெக்கானிக் இனாயத்துல்லா. அங்கத்தினர் அல்லாத யாரையும் கிளப் விமானத்தில் ஏற்றக் கூடாது. ஒரே விதிவிலக்கு, கக்குவான் இருமல் வந்த குழந்தையும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவரும். எட்டாயிரம் அடிக்கு மேலே கொண்டுபோய் இறக்கினால் கக்குவான் நின்றுவிடும் என்று பம்பாயில் பல டாக்டர்களே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வாடகையைக் குழந்தையின் வீட்டார் கிளப்பில் கட்டிவிடுவார்கள். ஓட்டுபவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆனால் ஓட்டிய நேரம் அவர் கணக்கில் ஏறும். கிளப்புக்குத் தானாக வருகிற இருமல்களை மூத்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், உனக்கு வேண்டுமானால் நீயே தேடிக் கொண்டு வா என்றார் இனாயத்துல்லா.

நான் பி.எஸ்ஸி. படித்தவள். விமானத்தால் கக்குவான் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சோதனைக்கூட நூலகத்தில் ஒரு வைத்தியப் புத்தகம் இருந்தது. கக்குவான் ஏழெட்டு வாரத்தில் தானே இறங்கிவிடும் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். எப்படியும் விமானத்தில் ஏற்றியே தீருவேன் என்று சீட்டும் கையுமாக நிற்கிற தாய்மார்களை மட்டும் பிடிக்க வேண்டும். அவர்களிலும் ஏழாவது வாரத்துக் குழந்தைகளை மட்டும்.

அந்த மார்ச் மாதம் முழுக்க நான் இருமல் கேட்டேன். மாதுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படியில், லோக்கல் ரயிலில், மாதா கோயில் பூசையில். சாதா இருமலுக்கும் கக்குவானுக்கும் வித்தியாசம் உண்டு. கக்குவான் விடாமல் பத்துப் பதினைந்து முறை இழுத்து, கடைசியில் மூச்சை உள்ளே வாங்கும்போது கூவும். அந்தக் கூவல் கேட்டால் கால் தானே நின்றுவிடும். ஆனால் போய்ப் பேச வாய் வராது. அறிமுகம் இல்லாதவர்களிடம் நேரம் கேட்பதற்குக்கூட எனக்கு வேர்க்கும்.

அதனால் தாராவியில் ஒரு டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் நாகூர் மீரானைப் பிடித்தேன். சோதனைக்கூடத்துக்கு ஸ்பிரிட் வாங்கப் போகும்போது பழக்கம். அவரிடமும் வாயால் சொல்லவில்லை, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். “ஜூஹு கிளப், ஞாயிறு, இனாயத்துல்லாவைக் கேட்கவும், ஏழாவது வாரம் மட்டும்.” அவர் படித்துவிட்டு, ஏழாவது வாரம் என்ன கணக்கு என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். மலை ஏறுகிறதுக்கும் மண்டலக் கணக்கு இருக்கிற மாதிரி இதற்கும் ஏதோ இருக்கும்போல என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் பேசாமல் இருந்தால் எதிரே இருப்பவர்கள் என் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம்.

முதலில் வந்தவள் பூமாரி, தாராவித் தோல் மண்டிக்காரர் ஆறுமுகநயினாரின் மனைவி. மடியில் நாலு வயசுப் பெண். இனாயத்துல்லா அவர்களை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, பைலட் சாகிப் இதோ வருகிறார் என்று சொல்லிவிட்டுக் கதவை ஒட்டி நின்றுகொண்டார். நான் மறுபக்கம் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். பூமாரி என்னை நர்ஸ் என்று நினைத்திருந்தாளாம். சக்கரம் தரையை விட்டதும் என் தோளைப் பிடித்தவள் மாஹிம் கடற்கழி தாண்டுகிற வரைக்கும் விடவில்லை. அப்புறம் எட்டிப் பார்த்து, “ஏ யாத்தீ, எங்க மண்டி தீப்பெட்டி கணக்கால்லா இருக்கு” என்றாள். இறங்கியபோது ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதே வாரம் இருமல் நின்றது.

அடுத்து ரோசம்மா என்பவளின் பையன், ஐம்பத்தைந்து நிமிஷம். அதற்கடுத்த ஞாயிறு மர்யம் என்ற ஒருத்தியின் கைக்குழந்தை, ஐம்பது நிமிஷம். மூன்றும் ஏழாவது வாரம். மூன்றும் நின்றன.

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. கைராசி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி வைத்தியப் புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை. மற்ற பைலட்டுகள் மூன்றாவது வாரத்துக் குழந்தைகளை ஏற்றி இறக்கினார்கள், அவை இருமிக்கொண்டே வீட்டுக்குப் போயின. என்னுடையவை மட்டும் குணமாயின. ஜூஹுவில் ஒரு கைராசிக்கார பைலட் இருக்கிறார் என்று தாராவியில் கிளம்பிய பேச்சு வடாலா வழியாக மாதுங்காவுக்கு வந்தது. பைலட் ஒரு பெண் என்பது மட்டும் வரவில்லை. பெண்பிள்ளை ஓட்டினாள் என்று தெரிந்தால் புருஷன் வைவான் என்று மூன்று தாய்மாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தை ஊரே நிரப்பிக்கொண்டது. பெரிய மீசை வைத்த பார்சிக்காரர் என்றார்கள். யுத்தத்தில் ஒரு காது போனவர் என்றார்கள். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவே எனக்கு அவரைப் பற்றிச் சொன்னார். மீசையின் நீளத்தைக் கையால் காட்டினார். நான் ரசத்தைக் குடித்தேன்.

மார்ச் முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. மணி நாலே முக்கால் வரைக்கும் யாரும் வரவில்லை. ஆறேகாலுக்குமேல் இறங்கவிடமாட்டார்கள். ஐந்தேகாலுக்காவது கிளம்ப வேண்டும். என் பையில் பதினொரு ரூபாய் இருந்தது.

ஐந்துக்கு இனாயத்துல்லா ஓடி வந்து, ஒரு கேஸ் வந்திருக்கிறது, ஐம்பது ரூபாயையும் கட்டியாகிவிட்டது, உட்கார வைத்துவிட்டேன் என்றார். நான் விமானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். உள்ளே, மடியில் குழந்தையோடு, பெல்ட் மாட்டிக்கொண்டு, சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அப்பா தனசீலன், மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் தாமதமாக வருவதைக் குறித்து வைப்பவர். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. எனக்கும் வெளுத்திருக்கும். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் இந்த ஒரு மணி நேரத்தை வேறு யாராவது ஓட்டுவார்கள், நான் லைசென்ஸ் இல்லாமல் லோக்கலில் வீட்டுக்குப் போவேன்.

வகுப்பு முடிந்துவிட்டதா, கூடப் படிக்கிறவர்களோடு விமானம் பார்க்க வந்தாயா என்று அவரே கேட்டு, அவரே ஆமாம் என்று முடித்தார். நான் தலையசைத்தேன். பைலட் வந்தால் நீ ஒன்றும் பேசாதே, பெரிய மனுஷர், நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பிறகு டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். “கக்குவான், ஏழாவது வாரம்” என்று நாகூர் மீரானின் கையெழுத்தில் இருந்தது. மடியில் இருந்தவள் அம்மிணி. எங்கள் பக்கத்து வீட்டுப் பாலக்காட்டுக்காரரின் மகள், ஐந்து வயசு. அப்பா அவள் கையை லேசாக அமுக்கினார். அம்மிணி இரண்டு தடவை இருமினாள். மறுபடி அமுக்கினார். மறுபடி இரண்டு.

எங்கள் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் எப்போது இருமுகிறார்கள் என்று அந்த மாதத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் மாதுங்காவில் கிடையாது. அம்மிணி தும்மக்கூட இல்லை.

மணி ஐந்து பத்து. காற்று மேற்கிலிருந்து நன்றாக வந்துகொண்டிருந்தது. இனாயத்துல்லா புரொப்பெல்லர் பக்கம் நின்று என்னையே பார்த்தார்.

“அம்மிணிக்கு இருமல் இல்லையேப்பா” என்றேன்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மிணி முந்திக்கொண்டாள். “அமுக்கினா இருமணும். மாமா ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தருவாங்க.”

அப்பா பெல்ட்டைத் தடவினார். அவிழ்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சத்தத்தைத் தணித்தார்.

“இருபத்தாறு வருசமா பிளேன் ஒர்க்ஷாப்புக்கு மேலதான் போவுது. ஒரு தடவ மேல இருந்து கீழ பாக்கணும்னு ஒரு இது. சும்மா கேட்டா ஏத்தமாட்டாம்னு சொன்னாங்க, பிள்ளைக்கு இருமல் இருந்தாத்தானாம். அவுக அம்மாகிட்ட பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறம்னு சொல்லிக் கூட்டியாந்தேன்.” அம்மிணியை மடியில் நேராக உட்கார வைத்தார். “நோம்பு நாளு, தபசுகாலத்துல பொய் சொல்லிப்புட்டேன். ஏட்டி மேரி, ஒங்க அம்மைக்கு இது தெரியண்டாம். அம்பது ரூவா.”

அப்பா என்னிடம் எதையும் மறைத்து வைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லாமல் நின்றேன். இந்தத் தடவை என் பதிலை அவராலும் சொல்ல முடியவில்லை.

“சொல்லமாட்டதான?” என்று கேட்டார். “அந்த பைலட்டு வந்துட்டாருன்னா போயிட்டு ஒரு மணிநேரத்துல வந்துருவேன். நீ வேணா பஸ் ஸ்டாண்டுல இரு. எங்க ஆளைக் காணோம்?”

நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். கதவைத் திறந்து ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டினேன். அப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டி, அதை இதைத் தொடாதே, அந்த ஆள் வந்து வையப்போகிறார் என்றார். எரிபொருளைத் திறந்தேன். வெளியே இனாயத்துல்லா கையைத் தூக்கினார். பூமாரியிடமும் ரோசம்மாவிடமும் மர்யமிடமும் இந்த இடத்தில் நான் பேசாமலே எஞ்சினைக் கிளப்பியிருக்கிறேன். அப்பாவிடம் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை என்பதால் குரல் எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியவில்லை.

“அம்மாகிட்ட நான் சொல்லலப்பா, நீங்களும் சொல்லாதீங்க” என்றேன். “பைலட் நான்தான்.”