பதினாறாம் நம்பர் கம்பம்

2025 ஜூன் 17, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். நினைவு மலரின் ஏழாம் பக்கத்தில், ஐயா படித்த தெருவிளக்குக் கம்பத்தின் எண் பதினான்கு என்று அடித்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த தெருக் கம்பம் பதின்மூன்று என்பதால் நானாக ஊகித்தது. நாளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெரம்பலூரில் மாலை நேரத் தட்டச்சு வகுப்புக்குப் போகும் வெற்றிச்செல்வி, விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று தினமும் இப்படி நாலு வரி அடித்துவைப்பாள். பகலில் அரங்கநாதன் அறக்கட்டளையில் தற்காலிக வேலை. அரங்கநாதன் அமெரிக்காவில் மென்பொருள் நிறுவனம் தொடங்கி, நாலாயிரம் பேரை வேலைக்கு வைத்து, போன வருடம் காலமானவர். அவர் தெருவிளக்கில் படித்தார் என்பது இணையதளத்தில் இருந்தது, காலண்டரில் இருந்தது, நிறுவனத்தின் காபிக் கோப்பையில்கூட இருந்தது. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில் அந்தக் கம்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதற்குள் மலர் அச்சாகிவிட்டால் வெற்றிச்செல்விக்கு வேலை நிரந்தரம் என்று மேலாளர் தமிழ்மாறன் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலை அரியலூர் போய், பஸ் மாறி, அந்த ஊரில் இறங்கினாள். கம்பத்துக்குச் சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுற்றிலும் எழுப்பிய மேடையைப் பூசிக்கொண்டிருந்தார் கொத்தனார் அங்கமுத்து. பக்கத்தில் குடையை ஊன்றி வேடிக்கை பார்த்தவர் ரிட்டயரான வயர்மேன் வைரக்கண்ணு.

"நம்பர் பதினாறும்மா," என்றார் வைரக்கண்ணு. "பெயின்ட்டுல மறைஞ்சிருச்சு. நான் நட்ட கம்பம், எனக்குத் தெரியாதா?"

"எந்த வருசம் நட்டீங்க?"

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"தொண்ணூத்தேழு."

"ஐயா அப்ப அமெரிக்காவுலல்ல இருந்தாரு?"

"லீவுல வந்து படிச்சிட்டுப் போயிருப்பாரு," என்றார் அங்கமுத்து, கரண்டியை நிறுத்தாமல்.

தன் காதில்தான் கோளாறோ என்று மறுபடி கேட்டாள். வருடம் மாறவில்லை.

"அப்ப எங்கதாங்க படிச்சாரு?"

"அவங்க வூட்லதான். ஊருலேயே மொத கரண்டு அவங்களுக்குத்தான். டியூப்லைட்டு பளிச்சுனு எரியும். நாங்க காலனிப் புள்ளைங்க. வெளிய சன்னல் ஓரமா நின்னு அந்த வெளிச்சத்துல நான் படிப்பேன்." அங்கமுத்து மட்டப்பலகையை இழுத்துத் தேய்த்தார். "கொசு வருதுன்னு ஐயா சன்னல சாத்திருவாரு. பத்தாவதுல எனக்குக் கணக்கு போயிருச்சு."

"கொசுவும் நீயும் சேந்து வந்தா அவரு என்னடா செய்வாரு," என்றார் வைரக்கண்ணு.

"இத எழுதலாமாங்க?"

"எழுதிக்கம்மா. மேட முடிஞ்சிருச்சு. இனிமே என்னைய என்னா செய்வாங்க."

வேப்பமரத்தடியில் நின்று தமிழ்மாறனுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, நம்பரக் கேட்டுட்டு வான்னா வருசத்தக் கேட்டுட்டு வந்திருக்க. கல்வெட்டு வெட்டியாச்சு. நாலாயிரம் பேருக்கு வேல குடுத்த மனுசனுக்கு நீ ஒரு லைட்டு குடுக்கக் கூடாதா?"

"லைட்டு அவங்க வூட்லயே இருந்துச்சு சார்."

"பதினாறுன்னு மாத்தி அச்சகத்துல குடு. முடியலன்னா மேசைச் சாவிய வச்சிட்டுப் போ. அந்த எடத்துக்கு நாப்பது பேரு மனு போட்டுருக்காங்க."

அன்று மாலை வகுப்பில் ஏழாம் பக்கத்தை மூன்று முறை அடித்தாள். முதல் முறை, பதினாறாம் கம்பத்தில் ஐயா படித்தார். ஒரு பிழையும் இல்லை, அதுதான் உறுத்தியது. இரண்டாம் முறை, படித்ததாகச் சொல்கிறார்கள். யார் சொன்னது? காபிக் கோப்பைதான். மூன்றாவதை அடித்து முடித்துவிட்டு, இது சரிதானா என்று பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. வழக்கமான நாலு வரிக்குத் தாளை மாற்றினாள்.

2025 ஜூன் 18, புதன். கம்பத்தின் எண் பதினாறு. நட்டது 1997. ஏழாம் பக்கத்தில் டியூப்லைட்டும் கொசுவும் சேர்த்தாயிற்று. சன்னலைச் சாத்தியது யார் என்பதையும் தெளிவாகப் போட்டிருக்கிறேன். நாளை எட்டரைக்கு அச்சகத்தில் ஏழாம் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு ஆபீஸில் மேசைச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.