உளி பிடித்தவர் பெயர்

தன் புருஷன் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை மாரியாயி பானையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். காலையில் நிரப்பி வைத்துவிட்டு ரோட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் விளிம்பு வரை அப்படியே இருக்கும்.

"ஏங்க, தாகமே எடுக்கலயா?"

தம்புசாமி கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு, "குடிச்சா வெளிய போகணும். போனா யாராச்சும் கையப் பிடிக்கணும். நீதான் இல்லையே" என்றார்.

காஜாங் போகும் ரோட்டில் ஒரு கல்லுமலையில், இன்னொருவர் சம்மட்டி அடிக்க, வெடிக்கு ஓட்டை போடும் உளியைப் பதினெட்டு வருஷம் பிடித்த மனிதர். முந்தின வருஷம் வெடி வைத்தபோது கண் இரண்டும் போய்விட்டன. பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த வரிசை வீட்டில் கக்கூசு கொல்லைக் கோடியில் இருந்தது. பதினைந்து அடி தூரம். வழியெல்லாம் ஓரத்தில் திறந்த சாக்கடை. ஒரு நாள் தனியாகப் போய் அதில் விழுந்து, பக்கத்து வீட்டுத் தங்கமணி வந்து தூக்கிவிடும்படி ஆயிற்று. அந்த வெட்கத்தில் தாகத்தையே அடக்கப் பழகிவிட்டார். அடக்குகிற விஷயமா அது, நீங்களே சொல்லுங்கள்.

கொல்லைச் செங்கல் சுவரில் ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பொருத்தலாம் என்றாள் மாரியாயி. நான்கு ஓட்டை போட்டு, மர ஆப்பு அடித்து, கொக்கி இறக்கினால் போதும்.

"ஆள் கூப்பிடலாமா?"

"ஓட்டை போட என் வீட்டுக்கே ஆளா?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சீனர் இரும்புக்கடைக்குப் போனார்கள். கடை முதலாளி தவுக்கே ஒரு கருவியைப் பெருமையாக எடுத்து வைத்தார். பக்கவாட்டில் இருந்த சக்கரத்தைச் சுற்றினால் முன்னால் ஊசி சுழலும்.

"புதுசு லா. அடிக்க வேணாம், சுத்தினா போதும்."

தம்புசாமி தடவிப் பார்த்தார். "இது மரத்துக்கு, தவுக்கே. சுவத்துல வச்சா தேய்ச்சுக்கிட்டே நிக்கும். அடியும் விழணும், அடிக்கு அடி உளி திரும்பவும் வேணும்."

அடுத்து மூன்றடி உளி ஒன்று வந்தது. தொட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இதான்! இதத்தான் பிடிச்சேன்."

"வீட்டுச் சுவத்துக்கா? செங்கல் பிளந்துடாதா?"

"உனக்கென்ன தெரியும்? பிடிக்கறவன் நான்."

"அடிக்கறது யாரு?"

மாரியாயி அந்த உளிக்கேற்ற சம்மட்டியைத் தூக்கினாள். இடுப்புக்கு வந்ததும் பாரம் தாங்காமல் டொம்மென்று கீழே போட்டாள்.

தவுக்கே துள்ளி விலகினார். "அம்மா, என் கால் விக்கிறதுக்கு இல்ல லா!"

தம்புசாமி சிரித்துவிட்டார். பல மாதம் கழித்துச் சிரித்தார். "சின்னது எடு, தவுக்கே."

ஒரு சாண் உளிகளை வரிசையாக வைத்தார் தவுக்கே. ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரலால் தடவி, தரையில் தட்டிக் கேட்டு, கணீரென்று ஒலித்ததைத் தம்புசாமி எடுத்துக்கொண்டார். பிறகு சுத்தியல்களை மாரியாயியிடம் கொடுத்து, "பத்துத் தரம் தூக்கு" என்று அவள் மூச்சைக் கவனித்தார். மூன்றாவது சுத்தியலில் மூச்சு வாங்கவில்லை. அதையே வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் உளியைச் சுவரில் நிறுத்திப் பிடித்தார். மாரியாயி சுத்தியலை ஓங்கினாள். எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று, "ஏங்க" என்றாள்.

அவர் தலை அவள் பக்கம் திரும்பியது. உளி சாய்ந்தது. சுத்தியல் வழுக்கிக் கட்டைவிரல் தோலை உரித்துக்கொண்டு போனது.

அவள் சுத்தியலை எறிந்துவிட்டாள். "என்னால முடியாதுங்க."

"உன் மேல தப்பில்ல. நாள் பூரா ஏங்க ஏங்கன்னு கூப்பிடற, கேட்டா தலை தானா திரும்புது. கல்லுமலையில பத்து ஜோடி பக்கத்துப் பக்கத்துல நிப்போம். உளி பிடிக்கறவன் பேரைச் சொல்லிட்டுத்தான் அடிப்பாங்க. பேரு காதுல விழுந்தா கை இறுகிக்கும். நீயும் சொல்லி அடி."

"என்னன்னு?"

"தம்புன்னுதான். முழுசா சொல்லிக்கிட்டிருந்தா பொழுது போயிடும்."

பதினாறு வருஷக் கல்யாணத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் பேர் எழுதும் கிராணி கேட்டபோதுகூடத் தங்கமணியைத்தான் சொல்லச் சொன்னாள்.

"ஒண்ணு, ரெண்டுன்னு சொல்றேனே?"

"கைக்கு எண்ணத் தெரியாது புள்ள."

வேலிக்கு அந்தப்புறமிருந்து தங்கமணி குரல் கொடுத்தாள். "சொல்லுங்கக்கா, நான் காதப் பொத்திக்கறேன்!"

"முதல்ல உள்ள போடி நீ!"

ரத்தம் கசிந்த விரலை மறுபடி உளியின் மேல் வைத்து அவர் காத்திருந்தார். கண் தெரியாத மனிதர் சுத்தியலுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். மாரியாயி எறிந்த சுத்தியலை எடுத்து வந்து ஓங்கினாள்.

"தம்பு..."

"கேக்கல."

"தம்பு!"

அடி நேராக விழுந்தது. அவர் உளியைக் கொஞ்சம் திருப்பினார். "தம்பு!" மறுபடி அடி, மறுபடி ஒரு திருப்பு. செம்மண் நிறத்தில் தூள் கொட்டியது. இரண்டாவது ஓட்டை முடிவதற்குள் அவள் குரலுக்கு ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் குழாய் ஏறிவிட்டது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் பின்சந்தில் சுவரோரம் நின்றாள். உள்ளே கொல்லைக் கதவு திறந்தது. குழாயில் கை வழுக்கி வரும் சத்தம். கொக்கி வந்த இடத்தில் நின்றது, தாண்டியது, மறுபடி வழுக்கியது. நான்கு கொக்கியும் தாண்டியாயிற்று. அடக்கி வைத்திருந்த மூச்சை இவள் பலமாக விட்டாள்.

"யாரது? நீ இன்னும் போகலயா?"

"போயிட்டேங்க!" என்று சொல்லிவிட்டு மாரியாயி ஓடினாள்.