பெரிய டாக்டரின் வலது தோள்

எலும்பு டாக்டர் கீழே விழக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? ஆனாலும் பெரிய டாக்டர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது தோளோரக் காறை எலும்பை முறித்துக்கொண்டு வந்தபோது ஆஸ்பத்திரியே வாயைப் பிளந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"சார், இது தானா கூடுறது கஷ்டம். இந்த வாரமே ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சிடலாம்" என்றார், அவரிடமே தொழில் பழகிய சின்ன டாக்டரம்மா.

"அதெல்லாம் கூடும்மா. எத்தனை பேருக்குக் கையைத் தூக்கிக் கட்டியே அனுப்பியிருக்கேன்!"

"அவங்களுக்கு இவ்வளவு விலகல சார். அப்புறமும் செய்யலாம், இல்லைங்கல. ஆனா லேட்டானா, எலும்பு கூடினாலும் தோளுக்குப் பழைய பலம் வருமான்னு சொல்ல முடியாது."

தொடை எலும்புக்குள் கம்பி இறக்கச் சுத்தியல் பிடிக்கும் தோள் அது. ஆபரேஷன் தியேட்டரை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது. இருந்தும், தான் உருவாக்கிய பெண்ணின் கத்திக்குக் கீழே போய்ப் படுப்பதா என்று ஒரு வறட்டுக் கௌரவம். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு, தன் எக்ஸ்ரேயைத் தானே பார்த்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு மட்டும் எலும்பு கூடிக்கொண்டே வந்தது. ஒரு நோயாளி இப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார்.

ஒரு நாள் காலை அவர் இடது கையால் தலை சீவுவதை மனைவி பார்த்துவிட்டாள்.

"மாசக்கணக்கா கூடுது கூடுதுங்கறீங்க. வலது கையைத் தூக்குங்க பாப்போம்."

நெஞ்சுக்கு மேலே போகவில்லை.

"டாக்டருக்குப் படிக்காத எனக்கே தெரியுது. கிளம்புங்க!"

சின்ன டாக்டரம்மாவே பிளேட் வைத்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. எலும்பு ஜம்மென்று கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்ததில் கை தலைக்கு மேலேயும் போனது.

மறுபடி தியேட்டருக்குப் போன முதல் நாள், தொடை முறிந்த ஆள் ஒருவர். எதிர்ப்பக்கம் உதவிக்குச் சின்ன டாக்டரம்மா. பெரியவர் சுத்தியலை ஓங்கினார். முதல் சில அடிகள் சரியாகவே விழுந்தன. அப்புறம் தோள் கனத்துப்போனது. கம்பி பாதியில் நின்றது. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி ஓங்கிப் பார்த்தார். கை வரவில்லை.

மயக்க மருந்து டாக்டர் மானிட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்குள் பெரியவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுத்தியலை மேசைக்குக் குறுக்கே நீட்டினார். சின்ன டாக்டரம்மா வாங்கிக்கொண்டார். பெரியவர் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடாம பிடிச்சிருக்கீங்களா, சார்?"

"பிடிச்சிருக்கேன், டாக்டர்" என்றார் பெரியவர்.