ஈரத் தட்டு

வெளிநாட்டில் படிக்கப் போன நான், தங்கியிருந்த வீட்டிலேயே தொடர்ந்து தங்கலாமா என்று கேட்டுக் கல்லூரி அனுப்பிய படிவம், இரண்டு வாரமாக ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை ஆகியும் வீட்டுக்கார அம்மா கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் வேறு ஊரில் வேறு வீடு. படிக்கப் போய்வர ரயிலில் நாலு மணி நேரம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருக்கிற இடம் தெரியாமல்தான் இருந்தேன். குளியலறையை ஐந்தே நிமிடத்தில் காலி செய்தேன். உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் விழுங்கினேன். அதற்கே ஒரு பதக்கம் தரலாம். அவரோ நாளுக்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற அவர் கணவரைக் கேட்டால், மனைவியையே கேட்கச் சொல்லி நழுவினார்.

எனக்குப் பொறுமை கடுகளவுதான். அன்று மாலை சாப்பிடத் தட்டை எடுத்துக் குழாயில் காட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன், ஆன்ட்டி?"

அவர் என் கையைப் பார்த்தார். "இதோ, இப்பவும் பண்றியே."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குவது அவர் வேலை.

"பதினெட்டு வருஷமா நான் கழுவுற கத்தியை டாக்டருங்க நம்பி எடுக்கிறாங்க. ஆறு வாரமா நீ என் தட்டை நம்ப மாட்டேங்கிற."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எவ்வளவு சுத்தமான தட்டானாலும், சாப்பிட உட்காரும்முன் ஒரு தண்ணீர் விட்டு அலசுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கை தானாகச் செய்கிறது. நான் கவனித்ததே இல்லை. தெரிந்த அரைகுறை மொழியில் சொல்லிப் பார்த்தேன். சமாளிக்கிறேன் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும், முகம் இளகவில்லை.

வந்த ஆத்திரத்தில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அப்பா சாப்பிட உட்காரும் நேரம். என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அம்மா போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். தான் விளக்கிக் கவிழ்த்திருந்த தட்டை எடுத்தாள். குழாயைத் திறந்து அலசினாள். இரண்டு உதறு உதறி அப்பா முன்னால் வைத்தாள்.

வீட்டுக்கார அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவங்களே கழுவின தட்டா?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். ஆறு வாரத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

படிவத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. கேட்க எனக்கும் பயம். காலையில் கல்லூரிக்குப் போகும்போது அது ஃபிரிட்ஜ் கதவில் அப்படியேதான் இருந்தது. நாள் முழுக்கப் பாடம் மண்டையில் ஏறவில்லை.

மாலையில் மேசையில் உட்கார்ந்ததும் என் முன்னால் ஒரு தட்டு வந்தது. சொட்டச் சொட்ட ஈரம்.

"நீ கழுவினா எனக்கு இன்னமும் கோவம் வருது. அதான் நானே அலசிட்டேன்," என்றார்.

தட்டுக்கு அடியில் படிவம் இருந்தது. கையெழுத்து தண்ணீர் பட்டுக் கொஞ்சம் கலைந்திருந்தது. கல்லூரியில் அது செல்லுமா என்று அவர் கணவர் கவலைப்பட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அந்த உப்பில்லாத சாப்பாட்டை அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.