முன்னுக்குப் போகிற மரியாதை

தீவுப்பகுதியில் ஒருவர் வேலைக்குச் சைக்கிளில் போனால் அதற்கு ஏதாவது துன்பமான காரணம் இருக்கவேண்டும் என்பது எங்கள் சனத்தின் முடிவு. மோட்டார் சைக்கிள் பழுதாகியிருக்கும், இல்லாவிட்டால் ஆள் நொடித்துப்போயிருப்பார். கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்பவர் விடியக்காலையில் அரைக்காற்சட்டையோடு சைக்கிள் ஓடினால் அது உடற்பயிற்சி. அதே றோட்டில் உள்ளூர்க்காரர் சாப்பாட்டுப் பையைக் கொழுவிக்கொண்டு போனால், முந்திப் போகிற ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, "என்ன, சைக்கிளிலயோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கண்ணுக்கு முன்னால் சைக்கிள் தெரியும். தெரிந்தாலும் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை பெற்ற ஒரே ஆள் அல்லைப்பிட்டி சிவகரன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவன் முகாமைத்துவ உதவியாளன். பழைய பாஷையில் கிளாக்கர். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாம் வரிசையைக் காரணம் காட்டி வீட்டில் இருந்தார்கள். சிவகரன் ஒருநாள்கூடத் தவறாமல் கந்தோருக்குப் போனான். அவனிடம் சைக்கிளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் இதற்கு முழுக் காரணம். எந்த மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று அவன் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மேலதிகாரி அதைக் கடமையுணர்ச்சி என்று விளங்கிக்கொண்டார். கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார். "முன்மாதிரி உத்தியோகத்தர்" என்று பேப்பரில் படம் வந்தது. படத்தைக் கண்ணாடி போட்டு, சிவகரனின் கதிரைக்குப் பின்னால் சுவரில் மாட்டினார்கள். பெற்றோல் திரும்பி வந்தது. எல்லாரும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். சிவகரனால் மட்டும் ஏற முடியவில்லை. கந்தோருக்கு யார் வந்தாலும் மேலதிகாரி அவர்களைக் கூட்டிவந்து முதலில் படத்தைக் காட்டுவார், பிறகு சிவகரனைக் காட்டுவார். அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு இனி மோட்டார் சைக்கிள் வாங்குவதெப்படி?

உண்மையில் அவனுக்கு வாங்கவும் விருப்பமில்லாமல் போயிருந்தது. புகழ் நல்ல சாமான். பாடசாலைகளில் கூப்பிட்டார்கள், காற்று மாசு, இருதய நோய், எரிபொருள் சேமிப்பு என்று பேசினான். மனைவி அம்பிகைக்கும் பெருமைதான். மற்ற ஆம்பிளைகள் பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் வந்தால் சண்டை பிடித்துவிட்டு வந்ததுபோல இருக்கும் என்றும், தன் மனுசன் காலையில் சீப்பால் இழுத்த தலை அப்படியே இருக்க வந்து இறங்குவார் என்றும் அவள் அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

அந்தத் தலை கலையாததற்குக் குலசிங்கம்தான் காரணம் என்பதைச் சிவகரன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பண்ணைப் பாலம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டினத்திலிருந்து தீவுக்குப் போகிற றோட்டு கடலுக்கு நடுவால் தென்மேற்கைப் பார்த்துப் போகிறது. சோளகக் காற்றும் அந்தத் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. இடையில் ஒரு மரமோ ஒரு மதிலோ இல்லை. சோளகம் காலையில் வேலைக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், பின்னேரம் வீட்டுக்கு வரும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். காலையில் தன்னைப் பெரிய வீரன் என்று நினைத்து வந்தவன் பின்னேரம் இறங்கி உருட்டிக்கொண்டு போவதை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம்.

குலசிங்கம் வேலணைக்காரர். பட்டினத்தில் ஓர் இரும்புக் கடையில் காசாளர். அவருடைய தகப்பன் காலத்தில் தெற்கில் சொந்தக் கடை இருந்தது. கலவரத்தோடு கடை போய்விட்டது. காசு மேசைக்குப் பின்னால் நிறைந்து உட்காருகிற உடம்பு மட்டும் பரம்பரைச் சொத்தாக மிஞ்சியது. அந்த உடம்பு பழைய பெரிய சைக்கிளில் ஏறிப் பண்ணையால் போகும்போது அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்துக்குக் காற்றே கிடையாது. சிவகரன் அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். அவனுக்குப் பின்னால் மண்டைதீவு மேரிசுகந்தி வருவாள். பட்டினத்தில் தையல் கடையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். மூன்று பேரும் பாலத் தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் காத்து நின்று வரிசையாகப் போவார்கள்.

இந்த வரிசைக்கு ஒரு மரியாதையும் இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் பாலத்தடியில் சிவகரன் சைக்கிளை ஓரமாகப் பிடித்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை. வயசுக்கு மூத்த ஆள் இருக்க நான் போறது சரியில்லை" என்பான். குலசிங்கமும் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு முன்னுக்குப் போவார். காற்றுப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. எங்கள் ஊரில் மரியாதை என்று சொன்னால் பிறகு காரணம் கேட்கக்கூடாது.

முதல் ஆபத்து சுவிஸிலிருந்து வந்தது. குலசிங்கத்தின் மகள் தர்சனா அங்கே கல்யாணம் கட்டியிருந்தாள். மாமியார் வீட்டுக்காரர் யாரோ ஊருக்கு வந்தபோது பண்ணையில் குலசிங்கத்தைச் சைக்கிளில் கண்டு, படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்கள். தர்சனா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்பாவுக்கு உடனே ஸ்கூட்டி என்று நின்றாள். குலசிங்கம் இதைச் சொன்னபோதே சிவகரன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஸ்கூட்டிக்குப் பின்னால் சைக்கிளில் ஒளிந்து போக ஏலாது. அந்தச் சோளகம் முடியுமுன்னரே அவன் தலை கலைந்து, இறங்கி உருட்டி, முன்மாதிரி உத்தியோகத்தர் உருட்டிக்கொண்டு போகிறார் என்று ஊர் படம் எடுக்கும்.

அன்று பின்னேரமே குலசிங்கத்தின் வீட்டுக்குப் போனான். போனில் தர்சனாவின் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கூடங்களில் பேசுகிற பேச்சை முழுதாகப் பேசினான். சுவிஸிலே டொக்டர்மாரும் சைக்கிளில்தானே போகிறார்கள் என்று கேட்டான்.

"அது இங்க அண்ணா," என்றாள் தர்சனா. "இங்க சைக்கிள் எண்டா படிச்ச ஆள். அங்க சைக்கிள் எண்டா ஒண்டுமில்லாத ஆள். உங்களுக்குத் தெரியாததே?"

சிவகரன் விடவில்லை. மானத்தைவிட உடம்பு முக்கியம், இந்த வயதில் சைக்கிளை விட்டால் என்ன நடக்குமென்று யாருக்குத் தெரியும், வேண்டுமானால் ஒரு நல்ல டொக்டரிடம் காட்டிக் கேளுங்கோ என்றான். அது வேலை செய்தது. சுவிஸ் பிள்ளைகளுக்கு மானத்துக்கு அடுத்தபடியாகப் பயம் நோய் வருத்தத்துக்குத்தான். தர்சனா அங்கிருந்தே எல்லாம் ஒழுங்குசெய்து தகப்பனை முழுப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

டொக்டரும் சிவகரனின் பக்கம்தான் நின்றார். சைக்கிளை விடவே கூடாது என்றார். ஸ்கூட்டிக் கதை அன்றோடு முடிந்தது. ஆனால் சீனி கூடிவிட்டது, உடம்பைக் குறைக்கவேண்டும் என்றும் அதே வாயால் சொல்லிவிட்டார்.

குலசிங்கம் சொன்னதைச் செய்கிற மனிதர். சோற்றைக் குறைத்தார். இரவில் குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டு ஒரு பிடி. கடையில் பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, கடிக்கவும் ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் அவருடைய சேட் தோளிலிருந்து தொங்கத் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்கள் ஏதும் நோய் வருத்தமோ என்று கேட்டார்கள். எல்லாரிலும் அதிகமாகக் கவலைப்பட்டது சிவகரன்தான். முதலில் இடது தோளில் காற்று ஒழுகியது. பிறகு வலது காது குளிர்ந்தது. ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியபோது அம்பிகை அவனை ஒருமாதிரிப் பார்த்து, சீப்பை எடுத்துக்கொடுத்தாள்.

சீப்பு அவனைச் சுட்டுவிட்டது. அடுத்த நாள் பஸ் நிலையத்தடியில் சுடச்சுட உழுந்து வடை வாங்கி, பாலத்தடியில் குலசிங்கத்திடம் நீட்டினான். உடம்பு வாடிப்போச்சு, ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்றான். குலசிங்கம் மறுக்கத் தெரியாதவர். நுனியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, "நல்ல வடை. மிச்சத்தை நீர் சாப்பிடும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். வாங்கிய வடையைக் கடலில் எறியமுடியுமா? சிவகரன் சாப்பிட்டான். மறுநாள் ரோல்ஸ். அதற்கும் அதே கிள்ளல், அதே திருப்பல். அதற்கடுத்த நாள் நெய் ஒழுகுகிற லட்டு. குலசிங்கம் அதை மணந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது லட்டு சிவகரனின் கையில் இருந்தது.

இப்படி ஒரு வாடைக்காலம் முழுக்கப் போனது. அந்தக் காலத்தில் காற்று மாறி வடக்கிலிருந்து வரும். பின்னேரப் பாடு லேசு, காலைதான் கொஞ்சம் கஷ்டம். சிவகரன் தன் முயற்சியை ஒருநாளும் கைவிடவில்லை. எப்படியும் அடுத்த சோளகம் தொடங்குமுன் மனிதரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். தான் ஒரு சீனி வருத்தக்காரனுக்கு லட்டு நீட்டுகிறேன் என்ற எண்ணம் அவனுக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. வந்த நாட்களில் லட்டுக்குப் பதிலாக வடை வாங்கினான்.

மாசியில் அவன் நீளக் காற்சட்டைகளுக்கு ஒரு வியாதி வந்தது. இடுப்புப் பொத்தான் பூட்ட மறுத்தது. தோய்த்துத் தோய்த்துத் துணி சுருங்கிவிட்டது என்று அவன் சொன்னான். அம்பிகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தையல் பிரித்துத் தரச்சொல்லி மேரிசுகந்தியிடம் கொடுத்துவிட்டாள். அவளும் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். சித்திரை முடியுமுன் அதே காற்சட்டைகள் திரும்பவும் அவளிடம் போயின. இனிப் பிரிக்க உள்ளுக்குத் துணி இல்லை என்று சொல்லியனுப்பினாள்.

ஆனியில் சோளகம் வந்தது. அந்தமுறை வந்த வரத்து லேசானதல்ல. முதல் நாள் பின்னேரம் பாலத்தடியில் தண்ணீர் றோட்டுக் கரைக்கு மேலால் துமித்தது. எதிரே வந்த பஸ்கூட ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. சிவகரன் வழக்கம்போலச் சைக்கிளை ஓரத்தில் பிடித்து, தலையைக் குனிந்து, தன் வசனத்தைத் தொடங்கினான்.

குலசிங்கம் கையை நீட்டி மறித்தார். அவருடைய சேட்டுக்குள் இன்னொருவரும் இருக்கலாம் போல அவ்வளவு இடம் இருந்தது. காற்று அதற்குள் புகுந்து படபடத்தது.

"இல்லைத் தம்பி. இனி நீர்தான் முன்னுக்குப் போகவேணும்."

"ஐயோ அண்ணை, வயசுக்கு மூத்த ஆள் நீங்கள் இருக்க..."

"வயசை விடும். நீர் அரசாங்க உத்தியோகத்தர். பேப்பரில படம் வந்த ஆள். உமக்கு முன்னால நான் போறது மரியாதையில்லை. இவ்வளவு நாளும் யோசியாமல் போயிட்டன்."

சிவகரன் உதவிக்கு மேரிசுகந்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைத் தோளிலிருந்து இடுப்புவரைக்கும், இடுப்பிலிருந்து மற்றத் தோள்வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். கையில் அளவு நாடா இல்லாததுதான் குறை.

"ஓம் அண்ணை," என்றாள். "என்ர கணக்குக்கும் இப்ப நீங்கள்தான் மூத்த ஆள்."

மரியாதை என்று சொன்னபிறகு காரணம் கேட்கக்கூடாது. அவனே வைத்த சட்டம். சிவகரன் முன்னுக்குப் போனான்.

சோளகம் அவன் முகத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. கண் எரிந்தது, மூச்சு நெஞ்சுக்குள் போக மறுத்தது. பெடலை மிதித்தால் சைக்கிள் போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. ஒருமுறை இறங்கி உருட்டலாம் என்று நினைத்தான். அந்த நேரம் பார்த்து எதிரே பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன் ஒன்று வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த பிள்ளைகள் அவன் பேச்சைக் கேட்டவர்கள். அவர்கள் கையைத் தட்டினார்கள். சிவகரன் இறங்கவில்லை. பின்னால் இரண்டு பேர் கதைக்கிற சத்தம் காற்றுக்கு இடையிடையே வந்தது. குரக்கன் மாவை வறுத்து அவிப்பதா வறுக்காமல் அவிப்பதா என்று குலசிங்கம் கேட்டார். மேரிசுகந்தி விளக்கம் சொன்னாள். மூச்சு வாங்காமல் சொன்னாள். ஒருகாலத்தில் தானும் அந்த இடத்திலிருந்து இப்படி ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு போனதை நினைத்துச் சிவகரனுக்கு அழுகை வந்தது. அது காற்றினால் வந்த கண்ணீர் என்றுதான் பிறகு அம்பிகைக்குச் சொன்னான்.

மண்டைதீவுச் சந்தியில் மேரிசுகந்தி பிரிந்து போகும் இடத்தில் மூவரும் நின்றார்கள். சிவகரன் ஹான்டிலில் குனிந்து மூச்சிரைத்தான். தலைமயிர் நாலு திசைக்கும் நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது குலசிங்கத்தின் தலை கண்ணில் பட்டது. காலையில் எண்ணெய் வைத்து இழுத்த வகிடு அப்படியே இருந்தது.

குலசிங்கம் தன் பையைத் திறந்து ஒரு பேப்பர்ச் சுருளை எடுத்தார். பேப்பரில் எண்ணெய் ஊறியிருந்தது. பஸ் நிலையத்தடி வடை, ஒன்றல்ல, மூன்று. அவர் ஒன்றையும் கிள்ளவில்லை.

"சாப்பிடும் தம்பி," என்றார் மிகுந்த அன்போடு. "உடம்பு வாடவிடக்கூடாது. ஆவணி முடியுமட்டும் சோளகம் இருக்கெல்லோ."

சிவகரன் வடையைப் பார்த்தான். பிறகு இன்னும் போகவேண்டிய றோட்டைப் பார்த்தான். நல்ல பசி. வாங்கிச் சாப்பிட்டான்.